பாதாமி குடைவரைக் கோயில்கள்: ஒரு மதிப்புரை

கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்தில் உள்ள பாதாமி, நாம் பள்ளிப் பாடத்தில் படித்த வாதாபிதான். சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் பெரும்பாலும் இவ்வூரைப் பக்கத்துக் கோயில் ஊர்களான பட்டடக்கல்லோடும் ஐஹொளேயோடும் சேர்த்து ஒரே நாளில் முடித்துக் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் நான்கு குடைவரைகளுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் கிடைத்தாலே அதிகம். குடைவரைகள் மிகச் சிறந்தவை, தமிழ்நாட்டிலிருந்து இதற்கென்றே கிளம்பிப் போகும் அளவுக்குத் தகுதி உடையவை. ஆனால், இடத்தைக் காட்டும் ஏற்பாடு சிற்பங்களின் தரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்பது என் மதிப்பீடு. ஒரு மணி நேரத்தில் நான்கையும் பார்த்துத் திரும்புகிறவர் படி ஏறி இறங்கிய களைப்பைத் தவிர வேறெதையும் கொண்டு வரமாட்டார். ஒரு முழுக் காலைப் பொழுதையாவது ஒதுக்குபவருக்கு மட்டுமே இந்தப் பயணத்தைப் பரிந்துரைப்பேன்.

பாதாமிக்கு ரயில் நிலையம் உண்டு; பெங்களூரிலிருந்து சோலாப்பூர் பக்கம் செல்லும் ரயில்களில் சில இங்கே நிற்கின்றன. நிலையம் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் ஆட்டோ தேவைப்படும். ஹூப்ளி வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டரைப் பேருந்திலோ வாடகை வண்டியிலோ கடப்பவர்களும் உண்டு. கோடையில் இந்தப் பக்கம் வெயில் 40 பாகையைத் தாண்டும், மணற்கல் பாறை அந்தச் சூட்டை மாலைவரை விடாமல் வைத்திருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை செல்வதே நல்லது. தங்குமிடங்கள் எளியவை, உணவு வடகர்நாடக உணவு. சோள ரொட்டி, எண்ணெய்க் கத்திரிக்காய், நிலக்கடலைச் சட்னிப்பொடி, கட்டித்தயிர் என்று அமையும் அந்த மதிய உணவை ஊரின் சிறிய கடைகளில் சாப்பிடலாம். இட்லி தோசை தேடி அலைய வேண்டியதில்லை.

ஊரை ஒட்டி அகத்தியர் தீர்த்தம் என்னும் பெரிய ஏரி இருக்கிறது. அதன் இருபுறமும் செங்குத்தான செந்நிற மணற்கல் குன்றுகள். தென்குன்றின் முகத்தில் குடைவரைகள் ஒன்றைவிட ஒன்று உயரமாக, படிக்கட்டுகளால் இணைக்கப்பட்டு வரிசையாக அமைந்துள்ளன. வாதாபியும் வில்வலனும் அந்தணர்களுக்கு விருந்திட்டுக் கொன்ற கதையும், அகத்தியர் வாதாபியைச் செரித்து முடித்த கதையும் இந்த ஏரிக்கரையோடுதான் சேர்த்துச் சொல்லப்படுகின்றன. பொதிகை மலையை அகத்தியரின் இருப்பிடமாகக் கருதும் நமக்கு, அவருடைய பெயரைத் தாங்கிய நீர்நிலையை இத்தனை வடக்கே பார்ப்பது அந்நியமாகத் தோன்றாது. வடகுன்றின் பாறையில் சாளுக்கிய அரசன் முதலாம் புலிகேசி 543ஆம் ஆண்டில் இங்கே கோட்டை எழுப்பியதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அதிலிருந்து சரியாக ஒரு நூற்றாண்டு கழிவதற்குள், 642 வாக்கில், முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் அந்தக் கோட்டையைப் பிடித்து 'வாதாபி கொண்டான்' ஆனான். அவனுடைய சிதைந்த கல்வெட்டு ஒன்றும் இவ்வூர்ப் பாறையில் எஞ்சியிருக்கிறது. வரலாற்றுப் புதினங்கள் வழியாக மட்டும் வாதாபியை அறிந்து, எரிந்துபோன தலைநகரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருபவர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இங்குள்ள குடைவரைகள் அந்தப் படையெடுப்புக்கு முன்பே வெட்டப்பட்டவை. அவற்றின் முக்கியமான சிற்பங்களில் போரின் தடயம் என்று சொல்லத்தக்க அழிவு எதுவும் என் கண்ணில் படவில்லை. முகங்களைத் தேய்த்தவை காற்றும் மழையும் மனிதக் கைகளும்தான்.

நுழைவுக் கட்டணம் சொற்பம். வாசலிலேயே குரங்குகள் நம்மை அளவெடுக்கின்றன. பையில் தின்பண்டம் இருப்பது அவற்றுக்கு நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. கையில் எதையும் தொங்கவிடாமல் செல்வதே பாதுகாப்பு. படிகள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருந்தாலும் சில இடங்களில் உயரம் சீராக இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் குடைவரையோடு நின்றுவிட நேர்ந்தாலும் வருந்த வேண்டாம், அதற்கே பயணம் தகும். சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு மேலே செல்ல வழியே இல்லை.

முதல் குடைவரை சிவனுக்குரியது. அதற்குள் நுழையும் முன்பே, வலப்புறப் பாறைமுகத்தில் பாதாமியின் மிகப் புகழ்பெற்ற சிற்பம் நிற்கிறது: பதினெட்டுக் கைகளுடன் ஆடும் சிவன். உயரம் ஐந்தடி அளவுதான். படங்களில் பார்த்துவிட்டு வருபவர்கள் இன்னும் பெரிதாக எதிர்பார்த்திருப்பார்கள், நேரில் அது நம் உயரத்துக்கே இருப்பதுதான் இன்பம். தில்லைக் கூத்தனின் செப்புத் திருமேனியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே பல இல்லாமைகள் தெரியும். திருவாசி இல்லை, காலடியில் முயலகன் இல்லை, தூக்கிய திருவடியும் இல்லை. சோழர் காலத்தில் நிலைபெற்ற அந்த வடிவத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய ஆடவல்லான் இவன். தாமரைப் பீடத்தில் ஒரு கால் ஊன்றி மறுகால் குதி தூக்கி நிற்க, ஒன்பது இணைக் கைகள் இருபுறமும் விசிறிபோல் விரிகின்றன. சில கைகளில் ஆயுதங்கள், சிலவற்றில் வெறும் அபிநயம். பக்கத்தில் கணபதியும், முழவு வாசிக்கும் ஒருவரும், பின்னால் காளையும் உண்டு. வழிகாட்டிகள் இங்கே ஒரு கணக்குச் சொல்வார்கள்: இடக்கை ஒன்பது, வலக்கை ஒன்பது, ஆக ஒன்பதை ஒன்பதால் பெருக்கினால் 81 நடன நிலைகள் என்று. பெருக்கல் சரிதான், சிற்பி அப்படி எண்ணினானா என்பதற்குச் சான்று கேட்டால் அவர்கள் அடுத்த குகைக்கு நகர்ந்துவிடுகிறார்கள். கணக்கை விட்டுவிட்டு, கைகள் தோளிலிருந்து பிரியும் இடத்தைப் பாருங்கள். பதினெட்டுப் புயங்களையும் ஒரே தோளில் நெருக்கடியே இல்லாமல் சேர்த்துவிட்டு, அதற்கான உழைப்பு தெரியாமல் மறைத்திருக்கிறார் சிற்பி. உடம்பின் சாய்வு அந்தக் கைகளின் எடையைத் தாங்குவதற்காகவே வளைந்திருப்பது போலிருக்கிறது.

அந்தக் கூத்தனுக்கு எதிர்ப்புறம், நுழைவின் இடப்பக்கத்தில் சூலமேந்திய துவாரபாலகர் நிற்கிறார். எல்லோரும் அவரைக் கடந்து உள்ளே போய்விடுகிறார்கள். அவருடைய காலுக்குக் கீழே சிறிய அளவில் காளையும் யானையும் இணைந்த உருவம் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு உடல்களுக்கும் தலை ஒன்றே. ஒரு பக்கத்து உடலை மறைத்துப் பார்த்தால் யானைத்தலை, மறுபக்கத்து உடலை மறைத்தால் காளைத்தலை. தாராசுரத்திலும் வேறு பல தமிழகக் கோயில்களிலும் இதே விளையாட்டைப் பார்த்திருப்போம். ஆறாம் நூற்றாண்டிலேயே அது இத்தனை தெளிவாக வந்துவிட்டது என்பதை இங்கேதான் நேரில் அறியலாம். அதன் அருகே ஒரு குறிப்புப் பலகைகூட இல்லை.

நடராசருக்கு அடுத்த சிறு அறையில் மகிஷாசுரமர்த்தினி இருக்கிறாள். மாமல்லபுரத்து மகிஷமர்த்தினி மண்டபத்தில் சிங்கத்தின் மேல் வில்லோடு பாயும் தேவியையும், எருமைத்தலை கொண்ட மனித உடலோடு பின்வாங்கும் அசுரனையும் மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும். இங்கே போர்க்களமோ படைகளோ கிடையாது. அசுரன் முழு எருமையாகவே இருக்கிறான். தேவி அதன் வாலைப் பிடித்துப் பின்பகுதியைத் தூக்கி, தலையைக் காலால் அழுத்தி, சூலத்தைச் செருகுகிறாள். முகத்தில் சினமே தெரியவில்லை. பல்லவச் சிற்பி போரின் நடுவே நம்மை நிறுத்துகிறார், சாளுக்கியச் சிற்பி முடிவை மட்டும் காட்டுகிறார். எனக்கு மாமல்லபுரத்துப் படைப்பே மேலானதாகப் படுகிறது என்றாலும், இந்தச் சிறிய தேவியின் கைப்பிடியில் உள்ள உறுதியை அங்கே காண முடியாது.

உள்ளே முகமண்டபத்தின் இரு கோடிகளிலும் ஆளுயரத்தை மிஞ்சிய இரண்டு பெரும் புடைப்புச் சிற்பங்கள் உள்ளன: இடக்கோடியில் அரியும் அரனும் ஓருடலான வடிவம், வலக்கோடியில் உமையொருபாகன். சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குச் சென்று பழகியவர்களுக்கு முதலாவதை விளக்க வேண்டியதில்லை. பாதி சடைமுடி, பாதி கிரீடம்; அரன் பக்கத்தில் பார்வதியும் அரி பக்கத்தில் திருமகளும் நிற்கிறார்கள். உமையொருபாகன் சிற்பத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியவர் பிருங்கி. உமையை விட்டுச் சிவனை மட்டும் வலம் வருவேன் என்று அடம்பிடித்துத் தசையை இழந்த அந்த முனிவர், எலும்பும் நரம்புமாக, கைகூப்பி நிற்கிறார். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். அருகிலேயே பணிப்பெண்ணின் நிறைந்த உடல் இருப்பதால் அந்த வறட்சி இரட்டிப்பாகத் தெரிகிறது. தலைக்கு மேலே கூரையில் விரிந்த ஐந்து தலைப் படங்களோடு சுருண்டிருக்கும் நாகராசனைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டும், பெரும்பாலோர் நிமிர்த்துவதில்லை.

இந்த இடத்தில் கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழகத்தில் நாம் பார்த்த குடைவரைகள் பெரும்பாலும் கடினமான கருங்கல் இனப் பாறைகளில் வெட்டப்பட்டவை. மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமைப்பட்டுக்கொண்டான். அங்கே வாயிற்காவலர் இருவரைத் தவிரச் சுவர்கள் ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கும். பாதாமியின் மணற்கல் உளிக்கு எளிதில் இணங்கும் கல். ஆகவேதான் இங்கே தூணின் வயிற்றில் பதக்கம், பதக்கத்துக்குள் இணையர், தூணின் தலையான போதிகையில் யக்ஷி, அடித்தளம் முழுக்க ஆடும் பூதகணங்கள் என்று ஓரங்குலமும் விடாமல் செதுக்க முடிந்திருக்கிறது. அதே மென்மைதான் இதன் கேடும். மழைநீர் வழிந்த இடங்களில் பூதகணங்களின் முகங்கள் கரைந்துவிட்டன; கைபடும் உயரத்தில் உள்ள உருவங்களின் முழங்கால்கள் வழவழத்துவிட்டன. கல்லில் இயற்கையாக ஓடும் செம்மை, ஊதா, வெளிர்மஞ்சள் வரிகள் சில சிற்பங்களின் மார்பையும் முகத்தையும் குறுக்காக வெட்டிச் செல்கின்றன. அதைக் குறையாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது பட்டாடையின் கரைபோல் அழகாகவே பட்டது.

இரண்டாம் குடைவரை சிறியது, திருமாலுக்குரியது. இங்கே வராகமும் உலகளந்தானும் முகமண்டபத்தின் இரு முனைகளில் எதிரெதிராக நிற்கிறார்கள். கூரையில் பதினாறு மீன்களை ஆரக்கால்களாகக் கொண்ட சக்கரம் ஒன்று சதுரத்துக்குள் அமைந்திருக்கிறது. கண்ணன் கதைகளும் பாற்கடல் கடைதலும் விட்டத்தை ஒட்டிய குறும்பட்டையில் ஓடுகின்றன. இதே கருப்பொருள்கள் மூன்றாம் குடைவரையில் இன்னும் பெரிதாக வருவதால், நேரம் குறைவாக உள்ளவர்கள் இங்கே கூரையை மட்டும் பார்த்துவிட்டு மேலே ஏறலாம்.

மூன்றாம் குடைவரைதான் பாதாமியின் உச்சம். முகப்பு ஏறத்தாழ 70 அடி அகலம். இதற்கு ஆண்டு குறித்த கல்வெட்டு இருப்பது வரலாற்றில் பெரும்பேறு, ஏனென்றால் இந்தியாவின் பழைய குடைவரைகளில் பலவற்றுக்குக் காலத்தை ஊகிக்கத்தான் முடிகிறது. சக ஆண்டு 500, கார்த்திகைப் பௌர்ணமியன்று, அதாவது பொது ஆண்டு 578இல், முதலாம் கீர்த்திவர்மனின் பன்னிரண்டாம் ஆட்சியாண்டில், அவனுடைய தம்பி மங்களேசன் இந்த மகாவிஷ்ணு கிருகத்தை நிறுவினான் என்கிறது வடமொழிக் கல்வெட்டு. தேவராலும் மானிடராலும் விஞ்ச முடியாத வேலை என்று தன் படைப்பைத் தானே மெச்சிக்கொள்வதோடு, அதன் புண்ணியத்தை அண்ணனுக்கு அர்ப்பணிக்கவும் செய்கிறது. அதே மங்களேசன் அண்ணன் மறைவுக்குப் பின் அரியணை ஏறி, அண்ணன் மகன் இரண்டாம் புலிகேசிக்கு அதை விட்டுக்கொடுக்க மறுத்து, அந்தச் சண்டையில் உயிரையும் இழந்தான் என்பதை ஐஹொளேக் கல்வெட்டிலிருந்து அறிகிறோம். அதைத் தெரிந்துகொண்டு இந்தக் கல்வெட்டின் முன் நிற்பவருக்கு, சகோதர பாசம் வழியும் அந்த வரிகள் வேறு விதமாகவே ஒலிக்கும். மங்களேசனின் கன்னடக் கல்வெட்டு ஒன்றும் இங்குண்டு. அம்மொழியின் மிகப் பழைய கல்வெட்டுகளில் அதற்கு இடம் உண்டு.

முகமண்டபத்தின் கிழக்குக் கோடியில் ஆதிசேடனைச் சிம்மாசனமாக்கி அமர்ந்திருக்கும் திருமால் இருக்கிறார். அரங்கத்திலும் மாமல்லபுரத்திலும் நாம் பார்த்தது பள்ளிகொண்ட பெருமாளை. இங்கே பாம்பின் சுருள்கள் மெத்தைகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டிருக்க, அவர் ஒரு காலை மடித்து, அரசன் கொலுவிருக்கும் தோரணையில் சாய்ந்திருக்கிறார். பாம்பின் படங்கள் கிரீடத்தைச் சூழ்ந்து விரிந்திருக்கின்றன. அடுத்துள்ள வராகத்தில் பூமிதேவி நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் அவள் பெருமானின் மடிமேல், நாணத்தோடு, அணைப்புக்குள் இருப்பாள். இங்கே அவள் வராகரின் உள்ளங்கையில் நிற்கிறாள். தாங்குபவர் பேருருவம், தாங்கப்படுபவள் சிறு பாவை. பல்லவன் காட்டியது காதல் என்றால் சாளுக்கியன் காட்டியது மீட்பின் வலிமை. வராகம் சாளுக்கியரின் முத்திரைச் சின்னம் என்பதையும் சேர்த்து நினைத்தால், உலகை மீட்ட அந்தத் தோளில் அரசகுலம் தன்னைத்தானே பார்த்துக்கொண்டது புரியும்.

நரசிம்மர் இங்கே இரணியனின் குடலை உருவவில்லை. நிமிர்ந்து, ஒரு கையை இடுப்பருகே ஊன்றி, வேலை முடிந்த பின் நிற்பவரைப் போல நிதானமாக நிற்கிறார். சிங்கமுகத்தில் புன்னகை இருக்கிறதா இல்லையா என்று எங்களுக்குள் ஒரு விவாதமே நடந்தது. இருக்கிறது என்பது என் கட்சி. உலகளந்த பெருமானின் சிற்பம் நான்கிலும் மிக நெரிசலானது, மிகவும் நுணுக்கமானதும் அதுதான். தூக்கிய கால் சட்டத்தையே மீறி மேலே பாய்கிறது. கீழே குடையோடு குள்ள வாமனர் மாவலியிடம் நீர்வார்த்துத் தானம் பெறும் காட்சி, அதாவது கதையின் முந்தைய நொடி, அதே சட்டத்துக்குள் இருக்கிறது. தூக்காத காலை ஒருவன் இரு கைகளாலும் கட்டிக்கொண்டு தொங்குகிறான். அவனுடைய விரல்கள் பெருமானின் தொடைச் சதையில் அழுந்தும் இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அசைக்க முடியாத ஒன்றை அசைக்கப் பார்ப்பவனின் தவிப்பு அந்த விரல்களில் இருக்கிறது. மாமல்லபுரத்துத் திரிவிக்கிரமர் இதைவிடச் சமநிலையான அமைப்பு. பிரமனும் சிவனும் இருபுறமும் ஒழுங்காக அமர்ந்திருப்பார்கள். அங்கே வியப்பு அமைதியாக வருகிறது. இங்கே வேகத்தோடு வருகிறது.

தூண்களின் மேலே, கூரையைத் தாங்குவது போலச் சாய்ந்து நிற்கும் இணையர்களின் சிற்பங்கள் இக்குடைவரைக்கே உரிய செல்வம். மரத்தடியில் நிற்கும் ஆணும் பெண்ணும்; ஒருத்தி சோர்ந்து தோளில் சாய்கிறாள், ஒருவன் ஆடை நழுவும் துணையைத் தாங்குகிறான், இன்னொருத்தியின் காலடியில் குள்ளப் பணியாள் ஒருவன். புராணத்தில் வராத, பெயரில்லாத மனிதர்கள் இவர்கள். சிகை அலங்காரம் ஒவ்வொருத்திக்கும் வேறாக இருப்பதைப் பார்க்கும்போது, ஆறாம் நூற்றாண்டு வாதாபியின் வீதியில் நடந்தவர்களைத்தான் சிற்பிகள் மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. கூரை விளிம்பான கொடுங்கையின் உட்புறத்தில் ஓவியத் தடயங்கள் உள்ளன; இந்துக் கோயில்களில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஓவியங்களில் வைத்து எண்ணப்படுபவை. இன்றைக்கு அவற்றில் உருவத்தைப் பிரித்தறிவது கடினம், நிறத்தின் சாயலே மிச்சம். பாறையில் ஆங்காங்கே கீறப்பட்டுள்ள பெயர்கள் சிற்பிகளுடையவை என்று கருதப்படுகின்றன. அவற்றின் பக்கத்திலேயே நம் காலத்துக் காதலர்கள் கீறிய பெயர்களும் இருப்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

நான்காவது சமணக் குடைவரை. பார்சுவநாதர், பாகுபலி, மகாவீரர் ஆகியோரோடு தீர்த்தங்கரர்களின் சிற்றுருவங்கள் சுவரெங்கும் நிறைந்திருக்கின்றன. கழுகுமலையைப் பார்த்தவர்களுக்கு இந்த வரிசை பழக்கமானது. கொடி படர்ந்த கால்களோடு நிற்கும் பாகுபலி நல்ல வேலைப்பாடு. குன்றின் உயரத்தில் இருப்பதால் ஏரியும் எதிர்க்கரையின் பூதநாதர் கோயிலும் இங்கிருந்துதான் நன்றாகத் தெரிகின்றன.

குறைகளுக்கு வருகிறேன். குறிப்புப் பலகைகள் போதாதவை. கன்னடம், இந்தி, ஆங்கிலத்தில் குடைவரைக்கு ஒன்று என்ற அளவில் பொதுவாக எழுதிவைத்திருக்கிறார்கள். எந்தச் சிற்பம் எது என்று தனித்தனியே சொல்வது எதுவும் இல்லை. கல்வெட்டின் வாசகத்தைப் பெயர்த்து அருகே வைத்திருந்தால் அதன் முன்னால் யாராவது நிற்பார்கள். இப்போது அதைப் பாறையின் சிராய்ப்பு என்று நினைத்துக் கடக்கிறார்கள். நாங்கள் வாசலில் அமர்த்திக்கொண்ட வழிகாட்டி நல்ல மனிதர், ஆங்கிலம் சரளம். ஆனால், எந்தப் படப்பிடிப்பு எங்கே நடந்தது என்பதில் அவருக்கிருந்த துல்லியம் சிற்பங்களில் இல்லை. உமையொருபாகன் அருகிலுள்ள பிருங்கியைப் 'பசியால் வாடும் பக்தர்' என்றார். நரசிம்மவர்மனின் படைத்தலைவர் பரஞ்சோதியார் வாதாபியிலிருந்து கணபதியைத் திருச்செங்காட்டங்குடிக்குக் கொண்டுவந்ததாக நம் பக்கம் வழங்கும் மரபைப் பற்றிக் கேட்டபோது, அந்தக் கணபதி இருந்த இடம் என்று தயங்காமல் ஒரு வெற்று மாடத்தைக் காட்டினார். கேட்பவர் விரும்புவதைக் காட்டும் இந்தக் கலைக்குக் கட்டணம் கொடுப்பதைவிட, ஒரு நல்ல கையேட்டைப் படித்துவிட்டுப் போவது பயன் தரும். தமிழில் விளக்கும் வழிகாட்டி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

கூட்டத்தைப் பொறுத்தவரை, பள்ளிச் சுற்றுலாக்கள் வரும் நாட்களில் மூன்றாம் குடைவரையின் முகமண்டபத்தில் நிற்கவே இடமிராது. வார நாட்களில் வாசல் திறந்தவுடன் சென்று, முதலாவதையும் இரண்டாவதையும் விட்டுவிட்டு நேரே மூன்றாவதுக்கு ஏறி, அங்கிருந்து கீழ்நோக்கி இறங்கிப் பார்ப்பதே நல்ல வழி. குடைவரைகள் வடக்கு நோக்கியவை என்பதால் நேர்வெயில் உள்ளே விழுவது குறைவு. தரையிலும் எதிர்ப்பாறையிலும் பட்டுத் திரும்பும் ஒளியே சிற்பங்களைக் காட்டுகிறது; அது மென்மையானது, நிழல்களை வெட்டாதது, படமெடுக்க உகந்தது. கூரைச் சிற்பங்களுக்கு மட்டும் சிறு கைவிளக்கு வேண்டும். குடிநீரைக் கீழிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். கழிப்பறை வாசலருகில் உண்டு, மேலே கிடையாது.

மதியத்துக்குப் பிறகு ஏரியின் வடகரையில் உள்ள அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, பாறைப் பிளவுகளின் ஊடே ஏறும் வடகோட்டைப் பாதையில் மேல் சிவாலயம் வரை செல்லலாம். அருங்காட்சியகம் சிறியதானாலும் நாகநாதகொள்ளத்திலிருந்து கொண்டுவரப்பட்ட, தாமரைத் தலையுடைய வளமைத் தெய்வமான லஜ்ஜாகௌரியின் சிற்பத்துக்காகவே நுழையத்தக்கது. பூதநாதர் கோயில் பக்கம் கூட்டம் குறைவு. அதன் பின்னாலுள்ள பாறையில் பள்ளிகொண்ட பெருமாளைச் செதுக்கிய சிறு குடைவு ஒன்று இருக்கிறது, அதைத் தேடிப் போனவர் எங்களைத் தவிர அன்றைக்கு எவரும் இல்லை.

குடைவரைகளை முதன்மையாகக் கொண்டு வருபவர்கள் பயணத்தில் மற்றொன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்: ஐஹொளேயில் உள்ள ராவணபடி. பாதாமியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், பட்டடக்கல்லைத் தாண்டிச் செல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு தாழ்ந்த பாறைக்குள் போகும் வாசல், அவ்வளவுதான். உள்ளே இடப்புற அறையில் பத்துக் கைகளோடு சிவன் ஆட, அவனைச் சூழ்ந்து சப்தமாதர்கள் ஏறத்தாழ ஆளுயரத்தில் சேர்ந்து ஆடுகிறார்கள். நம் ஊர்க் கோயில்களில் எழுவரையும் வரிசையாக அமர்ந்த நிலையிலேயே பார்த்துப் பழகியதால், அவர்களை எழுந்து நின்று ஆடக் காண்பது உண்மையில் அதிர்ச்சி. உயர்ந்த மகுடங்கள், மெலிந்த நீண்ட உடல்கள், கல்லில் கோடு கோடாகக் கீறப்பட்ட ஆடை மடிப்புகள் என்று பாதாமியின் பருத்த உருவங்களிலிருந்து இவை முற்றிலும் வேறு கையின் வேலை. பிள்ளையாரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார். கருவறைக்கு முன்னுள்ள இடைகழியில் வராகமும் மகிஷாசுரமர்த்தினியும் எதிரெதிர்ச் சுவர்களில் உள்ளனர். கூரையில் பெரிய தாமரை. பாதாமியின் மூன்றாம் குடைவரைக்கு நிகராக எதையாவது சொல்லக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஒருநாள் சுற்றில் வரும் வண்டிகள் ஐஹொளேயில் துர்க்கை கோயில் வளாகத்தில் நிறுத்திவிட்டு, நேரமாகிவிட்டது என்று திரும்பிவிடுவது வழக்கம். ராவணபடி அங்கிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது, ஓட்டுநர் தானாக அழைத்துச் செல்லமாட்டார். வண்டி பேசும்போதே அதன் பெயரைச் சொல்லி, அங்கே அரை மணி நேரமாவது நிற்க வேண்டும் என்பதையும் வாடகையோடு சேர்த்துப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.